இரண்டு கலர் லேபிள்

...ஓம்பிரகாஷ்ஜி கேட்டதால்தானே மாற்றினேன், நானாகவா மாற்றினேன், என்று அடுப்படியில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், பால் பொங்கி வழிந்த பிறகும் அதையேதான், மேஜைமேல் அச்சகத்திலிருந்து வந்த மாதிரித்தாள், அதை மூடி நான் போட்ட பழைய பேப்பர், ஐந்து மணிக்கு அச்சகத்து ஆள் என் கையெழுத்துக்கு வருவான், அதற்கு முன்னால் பாத்திரம் தேய்க்க செங்கம்மாள் வந்துவிடுவாள், எங்கே ஒளிப்பது, டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை, இரண்டையும் பெருக்குகிறவள் அவள்தான்... இருங்கள் கண்ணுகளா, முதலிலிருந்து சொல்கிறேன். மார்க்கெட்டில் தகர டப்பாவிலிருந்து தேயிலை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஓம்பிரகாஷ்ஜி எழுபத்தெட்டாம் வருஷம் பாக்கெட் போட ஆசைப்பட்டார், சவேரா சாய் என்று பெயர், காலனி நாடகத்துக்கு நான் வரைந்த போர்டைப் பார்த்துவிட்டு, பெஹன்ஜி, லேபிளும் நீங்களே போடுங்கள் என்றார், தேயிலை பறிக்கிற பெண்ணின் முகம், சிவப்பு பச்சை இரண்டே கலர், மூன்றாவதற்குக் கட்டுப்படியாகாது. முகத்துக்கு நான் எங்கே போவேன், செங்கம்மாளைப் பிரம்பு மோடாவில் உட்காரவைத்தேன்.

இரண்டு மத்தியானம் உட்கார்ந்தாள். "என் மூஞ்சிய ஒட்டுனா டீத்தூளு விக்குமாம்மா? பூனைகூடக் குடிக்காது!" என்று சிரித்தாள், சிரிக்காதே, உதடு கோணுது என்று அதட்டினேன். அந்தக் கரிய கன்னத்தைப் பச்சை மையில் மயிரிழைக் கோடுகளாக, நெருக்கி நெருக்கி, ஆயிரம் கோடாவது இருக்கும், போட்டு முடித்தபோது தாளிலிருந்து அவளே என்னைப் பார்த்தாள், அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் வரைந்ததில்லை, பின்னும்... அப்புறம் ஏன் மாற்றினேன்? கடை அலமாரியில் தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியவேண்டாமா, ஓம்பிரகாஷ்ஜி சொன்னார், சொன்னாரே, அதனால்தான் அந்தத் தாளிலேயே, கோடுகள்மேலேயே, வெள்ளை போஸ்டர் கலரைப் பூசினேன், கண்ணும் மூக்குத்தியும் உதடும் மிஞ்சின, மற்றதெல்லாம் வெள்ளை. அவளோ அவள் இருக்கிற ஜுக்கி, அந்தக் குடிசைப் பகுதி முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள், குழாயடியில் டீ ராணி வர்றா, வழிவிடுங்கடி என்று கேலியாம், அதை என்னிடம் சொல்லும்போது தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க.

"என்னம்மா, பாலு தீஞ்ச வாசன வருது?" வந்துவிட்டாள், நான் அடுப்பைத் துடைக்கத் துணி தேடுகிற நேரத்தில் அவள் மேஜையைத் துடைக்கப் போய் பேப்பரைத் தூக்கிவிட்டாள்.  ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் தொட்டாள். "கண்ணு என்னுது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மூக்குத்தி என்னுது." விரல் கன்னத்துக்கு வந்து நின்றது. "சேட்டு இப்பிடித்தான் வேணும்னாராம்மா?"

"ஆமா செங்கம்மா, என்ன பண்றது, கடைக்காரங்க..."

"அதானே பாத்தேன், நீங்க செய்வீங்களா" என்றவள் பேப்பரை மறுபடி ஒழுங்காக மூடிவிட்டு, தீய்ந்த பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அடி பிடித்த கறுப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது, நான் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன், அன்றைக்கு அவர் என்னதான் சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை... வந்தார், டீ குடித்தார், படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கரிய முகம், ஒரு கோடு குறையாமல், அப்போது அப்படியேதான் இருந்தது, அச்சா ஹை பெஹன்ஜி, பஹுத் அச்சா, ரொம்ப நல்லா இருக்கு, சீக்கிரம் பிரஸ்ஸுக்கு அனுப்பிடுங்க என்றார், வேறெதுவும் சொல்லவில்லையே, படி இறங்கினார், அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் என் கையில் பிரஷ் நனைந்திருந்தது... யார் சொல்லி?