மாடி போர்ஷனை அத்தாவுக்குக் காட்டுதல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஜூஸ் கடை வாசலில். ஸ்ரீரங்கத்தில் தோழிக்காகக் காத்திருந்தேன். எதிர்வீட்டு மாடி பால்கனியில் கல்லூரிப் பெண் ஒருத்தி கையை நீட்டி போனைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். போனிலிருந்து ஓர் ஆண்குரல், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் காட்டும்மா. ஆங்... அது யார் வீட்டு ஜன்னல்?" என்றது. நான் பார்த்ததும் கேட்டதும் அவ்வளவுதான். அவள் பெயர் தெரியாது, ஜெஸிமா என்று நானே வைத்துக்கொண்டேன். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தாளா என்றும் தெரியாது. மீதியெல்லாம் என் கற்பனை. அந்தக் கற்பனை ஒரு மாதமாக என் உயிரை வாங்குகிறது.

2

முதல் தொடக்கம்: பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜெஸிமாவின் கண்ணில் கோபுரம்

வேண்டாம். ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் கதையிலெல்லாம் இந்தக் கோபுரம் கூப்பிடாமலே வந்து நின்றுவிடுகிறது. ஞாயிறு தவறாமல் வீடு தேடி அலைகிற பெண் கோபுரத்தையா பார்ப்பாள்? எந்த கேட்டில் 'டு-லெட்' பலகை தொங்குகிறது என்று பார்ப்பாள்.

இரண்டாம் தொடக்கம்: "பேரு என்னன்னு சொன்ன?" வீட்டுக்காரரின் முகம் மாறியது.

கதையில் இதுவும் நடந்தது. ஒருவர் ஃபேமிலிக்குத்தான் தருவோம் என்றார். இன்னொருவர் சொந்தக்காரர்கள் வரப்போவதாகச் சொன்னார். ஜெஸிமாவோடு படிப்பவள், அவளோடு சேர்ந்து வீடு தேடுகிறவள் ஜாஸ்லின். தெருவுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "உன் பேரைக் கேட்டதும் சொந்தக்காரங்க ஊர்லேர்ந்து கிளம்பிட்டாங்க பாத்தியா. என் பேரைக் கேட்டதும் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கணும்னு சொன்னாங்க. பரவாயில்லடீ, எனக்குக் கொஞ்சம் மரியாதை கூட."

அந்தக் கோபத்தை வைத்தே கதையை முடித்துவிடத் தயாராக இருந்தேன். ஸ்ரீரங்கத்து வீட்டுக்கார மாமி கதவைச் சாத்துவாள், ஜெஸிமா திரும்பி நடப்பாள், நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள். எழுதியும் வைத்துவிட்டேன். ஆனால் மாமி சரி என்று சொல்லித் தொலைத்தாள். என் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

3

ஜெஸிமாவுக்கு என்னதான் வேண்டும்?

வையம்பட்டிப் பெண். திருச்சியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அப்பா அப்துல் சலாம், அவளுக்கு அத்தா, சார்ஜாவில் வேலை செய்கிறார். ஹாஸ்டலை விட்டு வெளியே போக அவுட்பாஸ் வேண்டும். அதற்கு, பதிவு செய்த நம்பரிலிருந்து வார்டனுக்குச் சம்மதம் வர வேண்டும். பதிவு செய்த நம்பர் அத்தாவுடையது. ஒருமுறை செருப்பு வார் அறுந்துவிட்டது. புதுச் செருப்பு வாங்கப் போவதற்கு, சார்ஜாவில் அத்தாவின் ஷிஃப்ட் முடியும்வரை வார்டன் ரூம் வாசலில் வெறுங்காலோடு நின்றாள்.

தன் சாவியால் பூட்டிவிட்டு, எங்கே என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு தடவை கிளம்ப வேண்டும். போக வேண்டிய இடம் என்று எதுவும் அவளுக்கு இல்லை. சொல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

(இங்கே ஒரு காதலனை நுழைக்கலாமா என்று யோசித்தேன். நுழைத்தால் எல்லாருக்கும் உடனே புரிந்துவிடும். அதனாலேயே நுழைக்கவில்லை.)

வெளியே தங்குவதற்கு அத்தா சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை: வீட்டை அவர் பார்க்க வேண்டும்.

4

கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வேதவல்லி மாமிதான் வீட்டுக்காரி. "மாடியில கறி, மீன் சமைக்கப்படாது. மத்தபடி நீங்க யாரா இருந்தா எனக்கென்ன?" என்றாள்.

ஜாஸ்லின் வேகமாகத் தலையாட்டினாள். "வெளியில சாப்டுக்கலாம்டீ. திருச்சியில பிரியாணிக்கா பஞ்சம்?" என்று ஜெஸிமாவின் காதில் சொன்னாள்.

ஜெஸிமா வீடியோ கால் போட்டாள். அத்தா சமையலறை பார்த்தார், பால்கனி கிரில் பார்த்தார், கிரிலை ஆட்டிக் காட்டச் சொன்னார்.

"மொட்டை மாடிக்கு வழி இருக்காம்மா?"

"இருக்குத்தா."

"ராத்திரி பூட்டுவாங்களா?"

மாமி போனுக்குள் முகத்தை நீட்டினாள். "நான் பூட்டிடுவேன், கவலையே படாதீங்கோ. நீங்க எங்க இருக்கேள்?"

"சார்ஜாங்கம்மா."

"அப்படியா! எம்பிள்ளை அபுதாபி. இப்ப வெயில் எப்படி அங்கே?"*

வெயிலில் ஆரம்பித்தது, ஏழரைக்கு கேட் பூட்டுவதில் வந்து நின்றது. தோழிகள் ஞாயிறு மட்டும் வரலாம். வெளியே போனால் மாமியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் மாமி அத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவாள்.

"எம்பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

"அல்ஹம்துலில்லாஹ்! உங்கள மாதிரி ஒருத்தங்களத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன்."

"வார்டனாவது சம்பளத்துக்குப் பண்றாங்க, இது ஃப்ரீ சர்வீஸ்டீ" என்று முணுமுணுத்தாள் ஜாஸ்லின்.

ஜெஸிமாவுக்குக் கை வலித்தது. இவ்வளவு பேச்சுக்கும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தானே.

* வளைகுடாவில் பிள்ளை இருக்கும் தாயும், வளைகுடாவில் இருக்கும் தகப்பனும் பேச ஆரம்பித்தால், நடுவில் போன் பிடிப்பவளை மறந்துவிடுவார்கள். இருவர் மீதும் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

5

இந்த இடத்தில் ஜெஸிமாவுக்கு ஒரு வசனம் எழுதினேன்: "எனக்குக் காவல் வேண்டாம் அத்தா, வீடுதான் வேண்டும்."

நன்றாக இருக்கிறது, இல்லையா? மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். அத்தாவிடம் யார் இப்படிப் பேசுவார்கள்? வசனத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அதோடு, அவள் வாய் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"ரூம் எவ்ளோ பெருசும்மா!"

அவர் முகத்துக்குப் பின்னால் இரண்டடுக்குக் கட்டிலின் கம்பி தெரிந்தது. மேல்கட்டிலிலிருந்து வேறு யாருடைய காலோ தொங்கிக்கொண்டிருந்தது. "ஜன்னல்கிட்ட கட்டிலைப் போட்டுக்க. காத்து வரும்" என்றார்.

அவளுக்கு அதுவரை மூண்டு வந்த கோபம் நெஞ்சிலேயே சிக்கிக்கொண்டது. இந்த மனிதரைக் கொஞ்சம் கொடுமைக்காரராக எழுதியிருந்தால் எனக்கும் வேலை மிச்சம், அவளுக்கும் சுலபம்.

"என்னம்மா, சரின்னு சொல்லிடவா?"

6

முடிவு ஒன்று: சரி என்கிறாள். போகப்போக மாமிக்கு மாத்திரை வாங்கித் தருகிறாள். மாமி அவளுக்கு நோன்புக்குப் பழம் வாங்கி வைக்கிறாள். ஆகா, நல்லிணக்கம் என்று நீங்கள் மெச்சுவீர்கள். எனக்கு ஒரு பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் அப்போதும் அவள் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.

முடிவு இரண்டு: வேண்டாம் என்கிறாள். அத்தா "ஏம்மா?" என்கிறார். அதற்கு அவள்

[இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியும் முடிக்க முடியவில்லை.]

7

எரிச்சலில் பேனாவை மூடி வைத்தபோதுதான் உறைத்தது. கிரில் பலமா என்று பார்க்கிறவர் அத்தா. நேரம் குறிக்கிறவள் மாமி. அவள் பதிலை எழுதித் தருவதற்கு மூன்றாவது ஆளாக நான் வந்து நிற்கிறேன்.

"அத்தா, நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று ஜெஸிமா போனைக் கட் செய்தாள். அவர் வைப்பதற்கு முன் அவள் வைத்தது இதுதான் முதல் தடவை.

"மாமி, ரூமைக் கொஞ்சம் பாத்துட்டு வரட்டுமா?"

"இவ்வளவு நேரம் பாத்துண்டுதானே இருந்தே?"

"அத்தாவுக்குக் காட்டிக்கிட்டிருந்தேன் மாமி. நான் இன்னும் பாக்கல."

மாமி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "நீ வாடிம்மா, மோர் தரேன்" என்று ஜாஸ்லினைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

இப்போது ரூமில் இருப்பது ஜெஸிமாவும் நானும் நீங்களும்தான். அவள் என்ன சொல்வாள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நாம் நிற்கிறவரை அவளால் இந்த ரூமைப் பார்க்க முடியாது.

படி குறுகல். நீங்கள் முன்னால் இறங்குங்கள்.