நடுத்தண்ணீரில் நின்ற எஞ்சின்

1

இந்தக் கதை எனக்கு வாயைப் பிளந்தபடி கிடைத்தது. பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஊசி போட்டாகிவிட்டது, தாடை மரத்துப்போவதற்காகக் காத்திருந்தோம். மருத்துவர் பக்கத்து அறைக்குப் போய்விட, அவருடைய உதவியாளர், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, என் கன்னத்துக்குள் பஞ்சை அடக்கிவிட்டுக் கருவிகளைத் துடைத்துக்கொண்டே, "போன ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னா சார்..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு "ம்" என்பதைத் தவிர வேறு எழுத்து வாயில் வரவில்லை. குறுக்குக் கேள்வி கேட்க முடியாத ஒருவனிடம் சொல்வது அவருக்கும் வசதியாக இருந்திருக்கலாம். ஆகவே கேள்விகளெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு எழுந்தன. பதில்களில் பாதி அவருடையவை, மீதி நான் இட்டுக்கட்டியவை. எது எவருடையது என்று கூடுமானவரை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலைச் சூரியன் உப்பங்கழியின் நீரில் மெல்ல உருகி—" அடித்துவிட்டேன். அந்த அம்மாள் சூரியனைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பிறகு: "இறந்தவர்கள் விட்டுப்போகும் பொருள்களில் படகைப்போல—" இதையும் அடித்தேன். அந்தச் சின்னப் படகில் இவ்வளவு பாரத்தை ஏற்றினால் முதல் பத்தியிலேயே மூழ்கிவிடும்.

மூன்றாவது: அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படகில் ஏறினாள்.

இது நின்றது. இதிலிருந்தே போகலாம்.

3

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படகில் ஏறினாள். ஏறியவள் வழக்கம்போல முன்பலகையில் போய், முகத்தை முன்னால் வைத்து உட்கார்ந்தாள். தங்கை பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில். (தங்கைதான் பல் மருத்துவமனை அம்மாள். இனி அவளைத் தங்கை என்றே சொல்வேன். அவள் தலை நரைத்திருப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

படகு அக்காவின் கணவருடையது. தங்கைக்கு அத்தான். அவர் போன பிறகு அக்கா வீட்டுப் படித்துறையிலேயே கவிழ்த்துப் போட்டபடி கிடந்தது. எஞ்சின் பின்கட்டில், ஒரு பழைய போர்வைக்குள் கிடந்தது. இப்போது அக்கா வீட்டைப் பூட்டிவிட்டு, தூரத்து ஊரில் இருக்கும் மகளோடு போய் இருப்பதாக முடிவாகியிருந்தது. படகை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, "எனக்குக் குடு" என்றாள் தங்கை. அவள் வீடு எதிர்க்கரையில். ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிடலாம்.

தங்கைக்குப் படகு எதற்கு? இதைத்தான் நான் கேட்க நினைத்தேன், பஞ்சு தடுத்தது. என் ஊகம்: அவளுக்குப் படகு வேண்டாம். போகாதே என்று அக்காவிடம் சொல்லத் தெரியவில்லை, படகைக் கேட்டுவிட்டாள்.

4

இந்த இடத்தில் ஒரு மெக்கானிக் வந்தார். முதல் பிரதியில் அவருக்கு நரைத்த மீசை, சுருக்கமான பேச்சு, எஞ்சினைத் தொட்டாலே நோயைச் சொல்லிவிடும் விரல்கள் எல்லாம் கொடுத்திருந்தேன். எங்கேயோ பார்த்த ஆளாகத் தெரிந்தார். அனுப்பிவிட்டேன். நிஜத்தில் வந்தவர் சாதாரண மனிதர். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார், ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் தொங்கவிட்டு, தன் கடையின் பெட்ரோல் டேங்க்கை மாட்டி ஓட்டிக் காட்டினார். தையல் மெஷின் மாதிரி ஓடியது. பழைய டேங்க்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றச் சொன்னார். தங்கை அப்படியே செய்தாள். யாருடைய வேலையிலும் குறை சொல்வதற்கில்லை.

ஆனாலும் கழியின் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் இருமியது. தங்கை ஆக்சிலேட்டரைத் திருகினாள். சத்தம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. இன்னொரு இருமல். நின்றுவிட்டது.

"என்னடி?" என்றாள் அக்கா, திரும்பாமலேயே.

"ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது. உன்னை மாதிரி."

தங்கை டேங்க்கின் மூடியைத் திறந்து பார்த்தாள். பெட்ரோல் ததும்பியது. மூடினாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். இரண்டு இழுப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கா தோளைக் குலுக்கிச் சிரித்தது பின்னாலிருந்தே தெரிந்தது. கொஞ்ச தூரம் போனார்கள். மறுபடி இருமல், மறுபடி நிசப்தம்.

இந்த முறை பிளக்கைக் கழற்றினாள். பல் ஆஸ்பத்திரிக்காரி அல்லவா, கைக்குட்டையால் அதன் இடுக்கெல்லாம் துடைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று டேங்க்கையும் இன்னொரு தரம் திறந்து எட்டிப் பார்த்தாள். இழுத்தாள். ஓடியது.

"பிளக்குதான். சொன்னேன்ல?"

"நீ எங்க சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

பிளக் இல்லை. அதே போலக் கொஞ்ச தூரம், அதே இருமல்.

*

(வாசகரே, நீங்கள் எஞ்சின் தெரிந்தவரானால் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். தெரியாதவரானால் தங்கையோடு சேர்ந்து வேர்த்துக்கொண்டிருப்பீர்கள். இருவரும் கொஞ்சம் பொறுங்கள்.)

*

5

நீர் வடிகிற நேரம். உப்பங்கழியின் தண்ணீரெல்லாம் கழிமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, அதோடு படகும். கழிமுகத்தில் பாறை உண்டு, அதைத் தாண்டினால் கடல். துடுப்பு ஒன்றுதான் இருந்தது. ஒற்றைத் துடுப்பைப் போட்டபோது படகு தன்னைத்தானே சுற்றிப் பார்த்துக்கொண்டது. நங்கூரம் படித்துறையில் கிடந்தது. அதை ஏற்ற வேண்டும் என்று சொன்னவள் தங்கை, மறந்தவளும் தங்கை.

தங்கைக்குக் கை எரிந்தது. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை சிவந்திருந்தது. அக்கா அப்போதும் முன்னால் பார்த்தபடியே, காற்று வாங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். தங்கைக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"ஊருக்குப் போறேன்னு முடிவு பண்ணும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இப்ப எதுக்குடி அது?"

"இப்ப இல்லாம எப்ப? இங்கதான் நீ எழுந்து போக முடியாது."

"பொண்ணு கூப்பிடறா. தனியா என்ன பண்ணப் போறேன்னு கேக்கறா. நானும் அதைத்தான் கேட்டுக்கறேன்."

"எதிர்க்கரையில நான் ஒருத்தி இருக்கேன்ல. அது தனியா?"

"நீ ஒரு நாளாவது இரு, போகாதேன்னு சொன்னியா? படகைத்தானே கேட்ட."

(இந்த வரியை நான் எழுதவில்லை. அந்த அம்மாள் சொன்னபடியே போட்டிருக்கிறேன். சொல்லும்போது துடைத்துக்கொண்டிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டார்.)

6

சண்டை அதற்கு மேல் போகவில்லை. கழிமுகத்தின் இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது. தங்கை குனிந்து, டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைத் தடவிப் பார்த்தாள். குழாயின் நடுவில் கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் உருண்டை ஒன்று உண்டு. அது காற்றுப்போன பந்து மாதிரி சூம்பிப்போய்க் கிடந்தது.

"அக்கா, அத்தான் முதல்ல என்ன பண்ணுவார்? நான் எத்தனையோ தடவை கூட வந்திருக்கேன், ஒண்ணும் ஞாபகம் வரல."

"எனக்கென்ன தெரியும்? நான் என்னிக்குப் பின்னாடி திரும்பினேன். முன்பக்கம் பாரம் வேணும்னு சொல்லித்தானே கூட்டிட்டு வருவார்."

இங்கே கதையைச் சற்று நிறுத்துகிறேன். ஒரு பெண் தன் இளமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு படகின் முன்பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் நடுப்பலகையில் தங்கையும் இருப்பாள், பாவாடை நனையாமல் கால்களைத் தூக்கிக்கொண்டு. பிறகு அங்கே மகள் உட்கார்ந்தாள். பிறகு நடுப்பலகை காலியானது. எல்லாக் காலத்திலும் கணவன் முதுகுக்குப் பின்னால். அந்தப் பெண்ணுக்குப் படகு என்பது முகத்தில் அடிக்கிற காற்றும், பின்னாலிருந்து வருகிற சத்தங்களும்தான். கணவனைப் பார்க்காமலே கணவனோடு இருந்த மணி நேரங்கள் அவை. அவற்றைப் போன்ற நிம்மதியான நேரம் குடும்ப வாழ்க்கையில் அதிகம் கிடைப்பதில்லை என்று நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீளமாக இருந்ததால் இந்த ஒரு வாக்கியமாகச் சுருக்கிவிட்டேன்.

அக்கா கண்ணை மூடினாள்.

"முதல்ல தொண்டையைச் செருமுவார்" என்றாள். "அப்புறம் தண்ணி குடிப்பார். அப்புறம் புஸ்ஸு புஸ்ஸுன்னு அமுக்குவார். அப்புறம் கயிறு."

"தண்ணி குடிப்பாரா?"

"ஆமா. பாட்டில் மூடியைத் திருகற சத்தம் கேக்கும். கிறீச்சுனு. திரும்பி வந்து கரையில கட்டறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை."

தங்கை நிமிர்ந்தாள். "அக்கா. அத்தான் படகுல தண்ணி பாட்டில் வெச்சு நான் பாத்ததே இல்லையே."

இருவரும் ஒரே சமயத்தில் டேங்க்கைப் பார்த்தார்கள். அக்கா அந்தப் படகில் பின்னால் திரும்பியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். டேங்க் மூடியின் உச்சியில், பித்தளை நிறத்தில் ஒரு சிறிய திருகு. மூடியோடு மூடியாக இருந்ததால் யாரும் அதைத் தனியாகக் கவனித்திருக்கவில்லை. அதைத் தளர்த்தினால்தான் டேங்க்குக்குள் காற்றுப் போகும்; காற்றுப் போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் தங்கை மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தபோது உள்ளே போன காற்றில்தான் எஞ்சின் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது.

ஓடி முடித்ததும் அத்தான் அதை இறுக்கிவிடுவார். கடைசித் தடவையும் இறுக்கியிருக்கிறார்.

தங்கை கையை நீட்டினாள்.

"இரு" என்றாள் அக்கா. "நான் திறக்கறேன்."

பலகையைத் தாண்டி, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். கிறீச் என்றது. தொடர்ந்து உஸ்ஸென்று உள்ளே ஒரு சத்தம். (இங்கே "அது அவருடைய மூச்சைப் போல" என்று எழுதியிருந்தேன். வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன். டேங்க்குக்குள் காற்றுப் போனது, அவ்வளவுதான்.)

அக்கா அழுதாளா? நான் அழவைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அந்த அம்மாள் சொன்னது, அக்கா சிரித்தாளாம்.

"இவ்வளவு தண்ணி குடிக்கிற மனுஷன் பாதி வழியில ஒண்ணுக்குப் போகணும்னு ஒருநாளும் சொன்னதில்லையேன்னு எத்தனை தடவை ஆச்சரியப்பட்டிருக்கேன் தெரியுமா?"

சிரித்து ஓய்ந்து, திருகின் மேல் விரலை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். தங்கை ரப்பர் உருண்டையை அமுக்கினாள். சூம்பியிருந்தது மெல்லப் புடைத்தது. கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பு.

7

பாறைகளில் நுரை அடிப்பது தெரிகிற தூரத்தில் படகு திரும்பியது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருகச் சத்தம் ஏறியது. இருமல் இல்லை. நடுக்கழிக்கு மீண்டு வந்ததும் தங்கை வேகத்தைக் குறைத்தாள். அப்போது அக்கா, "தள்ளு, நான் பிடிக்கறேன்" என்று கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

இந்த இடத்துக்கு வரும்போது மருத்துவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். பல் வந்தது, முடிவு வரவில்லை. பிறகொரு நாள் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானே எழுதிக்கொள்ளலாம் என்ற ஆணவம்.

ஒன்று எழுதினேன்: அக்கா எதிர்க்கரைக்கு ஓட்டிப்போய்ப் படகைக் கட்டினாள், திருகை இறுக்கினாள், மறுவாரம் மகளிடம் போய்விட்டாள். முறையான முடிவுதான். எழுதி முடித்ததும் எனக்கே தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னொன்று: அக்கா படகைத் தன் படித்துறைக்கே திருப்பி, கட்டிவைத்த பெட்டிகளைப் பிரித்தாள். இதில் மகள் தொலைபேசியில் அழுதாள். அவளையும் யார் சமாதானப்படுத்துவது? மூன்றாவதாக ஒன்று தொடங்கி, "இரு சகோதரிகளும் கடலை நோக்கி—" என்று வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

ஆகவே படகு இன்னும் நடுக்கழியில்தான் இருக்கிறது. இந்தக் கரையும் அந்தக் கரையும் ஏறக்குறைய ஒரே தூரம். அக்கா கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள்; புதுக்கை என்பதால் படகு லேசாக நெளிகிறது. தங்கை நடுப்பலகையில், அக்காவைப் பார்த்தபடி, எரிகிற உள்ளங்கையைத் தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறாள்.

"எந்தப் பக்கம்டி திருப்பட்டும்?" என்று கேட்கிறாள் அக்கா.

தங்கை வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். அவளால் இவ்வளவு நாளும் சொல்ல முடியாததை நான் அவள் வாயில் திணிக்கப்போவதில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நீங்கள் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.