குருவிப்பொட்டலில் ரயில் நின்ற நாள்

குருவிப்பொட்டலில் ரயில் நிற்காமல் போனதற்கு எங்க அப்பாதான் காரணம் என்று ஊரில் சின்னப்பிள்ளை கூடச் சொல்லும். அது பொய். இருளப்பசாமியின் மீசைதான் காரணம்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் கிடையாது. வேலிக்கருவைக்கு நடுவே ஒரு மண்மேடும் ஒரு செங்கல் அறையும்தான் ஸ்டேஷன். அந்த அறையின் ஜன்னலில் அப்பா டிக்கெட் விற்பார். அவர் பெயர் ஜேசுராஜ். ரயில்வே சம்பளம் இல்லை, விற்கிற டிக்கெட்டுக்குக் கமிஷன் மட்டும். ஊரில் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடு எங்களுடையது ஒன்றுதான்.

இருளப்பசாமி ஊர்த் தலைவர். அவர் மகனுக்குப் பரிசம் போடக் கிளம்பிய கூட்டம் டிக்கெட் எடுக்காமல் ரயிலில் ஏறியது. அப்பா கார்டிடம் சொல்லி வண்டியை நிறுத்திவைத்து, எல்லாரையும் இறக்கி டிக்கெட் வாங்க வைத்தார். அழைத்துப்போக அதே ரயிலில் வந்திருந்த பெண் வீட்டார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாளே ஊரில் தமுக்கு அடித்தார்கள். ஜேசுராஜ் வீட்டோடு யாருக்கும் பேச்சு கிடையாது, அவன் கையில் டிக்கெட் வாங்கக் கூடாது, மீறினால் கோயிலுக்குக் குத்தப்பணம் கட்ட வேண்டும்.

ஊர் அப்படியே நடந்தது. டிக்கெட் இல்லாமல் ஏறினார்கள், வழியில் குதித்து இறங்கினார்கள். எங்கள் வயிற்றில் அடிப்பதாக அவர்களுக்கு நினைப்பு. ரயில்வேக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் குருவிப்பொட்டலில் ஏற ஆளே இல்லை என்பதுதான். ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். ரயில் ஊதிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

அதோடு என் படிப்பும் நின்றது. உயர்நிலைப் பள்ளி திருச்சுழியில் இருந்தது. "ஜூன்ல ரயிலு நின்னா பத்தாவது போ. இல்லைன்னா தீப்பெட்டி ஆபீஸுதான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர்க்காரர்களுக்கும் சந்தைக்குப் போக வழியில்லை. ரயில்வேக்கு மனு எழுதிப் போட்டார்கள். ஆபீசர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அன்று சாயங்காலம் இருளப்பசாமி எங்கள் வாசலுக்கு வந்தார். எங்களோடு நேராகப் பேசக் கூடாதே. அதனால் வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து நின்றார்.

"ஏ ஆடே, ஒங்க வீட்டாளுகிட்டச் சொல்லு. நாளைக்கு ஆபீசர் வாராரு. ரயிலை நிப்பாட்டி எத்தனை டிக்கெட்டு விக்குதுன்னு பாப்பாராம். சன்னலைத் தெறந்து வச்சு ஒக்காரச் சொல்லு."

அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "அண்ணாச்சி, ஆட்டுக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லுங்க."

அவர் மீசை துடித்தது. அப்பா வெளியே வந்தார்.

"ஒக்காருறேன். மொதல்ல எங்க மேல போட்ட கட்டை அவுத்துத் தமுக்கு அடிக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கு? நாளைக்கு எல்லாரும் வாங்குவாகன்னு சொல்லு ஆடே" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

தமுக்கடித்துக் கட்டியதைத் தமுக்கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் முறை. அது அவருக்கும் தெரியும். ஒரு வேதக்காரனுக்காகத் தமுக்கைத் தூக்கினால் தலைவர் இறங்கிப்போனதாக ஆகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் ஊரே மண்மேட்டில் நின்றது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆபீசர் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் வந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ரயில் வந்தது. நின்றது. இத்தனை நாளுக்கப்புறம் அது நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போறவங்க டிக்கெட் வாங்குங்க" என்றார் ஆபீசர்.

ஒருத்தரும் அசையவில்லை. முதல் கை யார் கையோ அவர்தான் குத்தம் கட்ட வேண்டும். எல்லாரும் இருளப்பசாமியைப் பார்த்தார்கள். அவர் மற்றவர்களைப் பார்த்தார்.

"நீ வாங்குடா பால்பாண்டி."

"நீங்க மொதல்ல வாங்குங்க மாமா. தலைவரு நீங்கதான?"

கார்டு விசில் ஊதினார். அவ்வளவுதான். கூட்டம் அப்படியே ரயிலுக்கு ஓடியது. கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள், பிள்ளைகளைத் தூக்கி உள்ளே எறிந்தார்கள், ஒருத்தர் கையிலும் டிக்கெட் இல்லை. இருளப்பசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். என்னோடு ஒன்பதாவது படித்த அவர் மகள் பொன்னுத்தாய் பின்னாலேயே ஏறினாள். டிக்கெட் இல்லாமல் ஏறி அதுவே வழக்கமாகியிருந்தது.

எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ தெரியவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினேன். "திருச்சுழி ஒண்ணு." அப்பா என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கொடுத்தார்.

ஆபீசர் குனிந்து பார்த்தார். "இது யாரு பொண்ணு?"

"எம் மகதான் ஐயா."

"ஒங்க மக வாங்குனா அது கணக்குல வராதுய்யா" என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். ரயில் கிளம்பியது. அப்பா "ஏறு பிள்ள, ஏறு" என்றார். அந்தக் கூட்டத்துக்குள் நான் ஏறவில்லை.

திருச்சுழியில் மொத்த ஊரையும் பரிசோதகர் பிடித்து அபராதம் வாங்கினார். வெயிலில் நடந்து திரும்பி வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அப்பா உள்ளே இருக்கும்போதே ஜன்னல் கம்பியை நெம்பினார்கள். கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். அப்பா தலையில் மண் கொட்டியது. அவர் எழுந்திருக்கவில்லை. ஒருத்தரும் அவரைத் திட்டக்கூட இல்லை, பேசக் கூடாதே. அம்மா போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "பிடுங்கிட்டுப் போங்க. நாளைக்கு அந்த ஓட்டுமேல ஏறிப் போங்க சந்தைக்கு!" என்று காறித் துப்பினாள்.

ஜூனிலும் ரயில் நிற்கவில்லை. விடியுமுன் வேலைக்கு ஆள் ஏற்றும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்தது. நான் ஏறினேன். பொன்னுத்தாயும் ஏறினாள். உட்கார வேறு இடம் இல்லை, என் பக்கத்தில் மட்டும் இருந்தது. அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றாள். குண்டும் குழியுமான ரோட்டில் அவள் தலை கூரையில் இடித்தது. நான் காலை அகட்டி, தூக்குச்சட்டியை நடுவில் வைத்து, இருந்த இடத்தையும் அடைத்துக்கொண்டேன்.