கட்டாத வீட்டுக்குள் அப்பா

தொண்ணூற்று ஐந்தில் எங்கள் விற்பனை அலுவலகத்துக்கு கண்முன் கணினிப் படம் காட்டும் அந்த ஹெல்மெட் வந்து சேர்ந்தது. தலையில் கவிழ்த்துக்கொண்டால் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இன்னும் கட்டாத அடுக்குமாடி வீட்டுக்குள் நடக்கலாம், சொந்தக் காலாலேயே. வீட்டைக் கணினியில் வரைந்தவன் நான்.

என் அப்பா விநாசித்தம்பி ஓய்வுபெற்ற சீஃப் கிளார்க். "பாத்து எனக்கு நம்பிக்கை வந்தா இந்த வேலையில இரு. இல்லாட்டி திங்கக்கிழமை பேங்க் இன்டர்வியூ" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஹெல்மெட்டின் துடைத்த கண்ணாடியையே துடைத்தேன். சரியாக இருந்த கேபிளைப் பிடுங்கிச் சரியாகச் செருகினேன்.

"கதிரு, சும்மா இரு லா. உன் நடையப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் முதலாளி சிக்கந்தர் அண்ணன்.

ஹெல்மெட் மாட்டியதும் அப்பா காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார். வாசல் தெரிகிறதாம். வலது காலை எடுத்து வைத்தார். தலை திரும்பினால் படத்தில் சுவர் சற்று யோசித்துவிட்டே திரும்பும். அரசாங்க அலுவலகத்தில் நரைத்தவருக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

"சாமி ரூம் எங்க?"

"ஸ்டோர் ரூம மாத்திக்கலாம்பா."

"சாமிய ஸ்டோர்லயா வைப்ப?"

இன்னும் கட்டாத வங்கி டை இப்போதே என் கழுத்தை இறுக்கத் தொடங்கியது.

ஹால் நடுவே போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அடுத்தவர் வீட்டில் யாரும் சொல்லாமல் உட்கார மாட்டார். சிக்கந்தர் அண்ணனுக்கோ பெரியவர் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது.

"என்னங்கய்யா, நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க."

"பரவால்ல தம்பி."

"அட, உக்காருங்கய்யா."

ஒருமுறை மறுத்தாயிற்று, மறுமுறை வற்புறுத்தியாயிற்று. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் வரைந்த சோபா கணினிக்குள் இருக்கிறது என்பதுதான் எங்கள் மூவரில் ஒருவருக்கும் நினைவில்லை. அப்பா கால்சட்டை மடிப்பைச் சற்றுத் தூக்கிவிட்டுக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்தார்.

தரை அதிர்ந்தது. தூக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். பின்னால் தடவிப் பார்த்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"சோபா இருந்துச்சே."

"இருந்துச்சுப்பா."

"நம்பித்தானே உக்காந்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நான் மெதுவாகக் கேட்டேன்:

"அப்ப திங்கக்கிழமை?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த வேலையிலயே இரு. மொதல்ல அந்த எடத்துல ஒரு நெஜ நாக்காலி போடு. உங்கம்மாவும் பாக்கணும்னு சொல்றா. அவ விழுந்தா ஏச்சு வாங்கப் போறது நான்."