பொய் வெள்ளம் வந்த நாள்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேளுங்கள். பொய் வெள்ளத்தில் வள்ளம் ஏறிய ஒருத்தியின் கதை சொல்கிறேன். அவள் பேர் பேச்சாயி.

ரப்பர்த் தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போன மறு வருஷம் அது. மாரி தொடங்குவதற்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, நகரசபைச் சங்கு ஊதியது. ஆற்றோரத்துக் கூலி வரிசை வீடான கீழ் லயத்துப் பன்னிரண்டு காம்பரா ஜனமும் பாலத்தடியில் வந்து நின்றது. தலையில் சட்டிபானை மூட்டை, இடுப்பில் பிள்ளைகள், கயிற்றில் ஒரு வெள்ளாடு. ரப்பர் பால் வெட்டிய கத்தியை இடுப்பில் செருகியபடியே பேச்சாயி மகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

முந்தின வருஷம் ஆறு ஏறியபோது கடைத்தெருவுக்கு வள்ளம் வந்தது, கீழ் லயத்துக்கு வரவில்லை. மேட்டிலிருந்த ரப்பர் ஸ்டோருக்குப் பால் வாளி கொண்டுபோன பேச்சாயி திரும்ப முடியவில்லை. அவள் புருஷன் வேலுசாமி, மகளைத் தோளில் ஏற்றி, கூரைக் கைமரத்தைப் பிடித்தபடி பகல் முழுக்கத் தண்ணீரில் நின்றான். மகள் மட்டும் மிஞ்சினாள்.

அதற்குப் பிறகுதான் நகரசபை வெள்ளத் திட்டம் போட்டது. அன்றைக்கு அதன் ஒத்திகை. "நம்ம லயத்து ஆளுங்க பேரும் இருக்கு, எல்லாரும் வரணுமாம்" என்று கன்னையா கங்காணி காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே சொல்லியிருந்தார். பேர் கூப்பிட்டால் போய் நிற்பது அந்த ஜனத்துக்குப் பிறவிப் பழக்கம். எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நகரசபைக் கிளாக்கர் விமலதாச, மூட்டைகளைப் பார்த்து வாய் பிளந்தார்.

"இது என்ன கூத்து? ஒங்களைக் கூப்பிட்டது தூக்குறதுக்கு. கடைச் சாமான், நடக்க ஏலாத ஆட்கள், எல்லாத்தையும் மேட்டு ஸ்டோருக்கு ஏத்த வேணும்."

"அப்ப எங்கள யாரு மாத்தையா ஏத்துறது?" என்றாள் பேச்சாயி.

"ஒங்க லயம் திட்டத்தில இல்ல. வோட்டர் பேர் இடாப்பைப் பார்த்துத்தான் வீடு எழுதினது. ஒங்களுக்குத்தான் பிரஜாவுரிமை இல்லையே. தோட்டத்துத் தொரைகிட்டக் கேளுங்க."

"கேட்டோங்க. ஆத்தோரம் நகரசபைக்குச் சேந்ததுன்னு தொரை சொல்லிட்டாரு. தண்ணி மட்டும் இடாப்பைப் பாத்தா மாத்தையா ஏறுது?"

பதிலுக்குக் காத்திராமல் மகளைத் தூக்கி, ஒத்திகைக்காகக் கரையில் நின்ற வள்ளத்தில் வைத்தாள். தானும் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள். பின்னால் மூட்டைகள் ஏறின, கிழடும் இளசுமாய் ஜனம் ஏறியது, ஆடும் ஏறியது.

அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்ற கடை முதலாளி பழனியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஏ புள்ள, எறங்கு! அது கடைத்தெரு வள்ளம்!"

"இன்னைக்குப் பொய்த் தண்ணிதானே மொதலாளி, நீங்க நனைய மாட்டீங்க. பொய் வெள்ளத்துலயாவது நாங்க ஒருக்காத் தப்பிச்சுப் பாக்குறோம்."

வள்ளக்காரனே சிரித்துவிட்டான். கன்னையா கங்காணிக்கு வேர்த்தது. "பேச்சாயி, இன்னைக்குச் சம்பளப் பேர வெட்டிப்புடுவாங்கடி!"

"அந்தத் திட்டக் கடதாசியில மொதல்ல எழுதட்டுங்க கங்காணியாரே. பொறகு வெட்டட்டும்."

மேட்டு ஸ்டோரில் நகரசபைப் பெரிய மாத்தையாமார் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு மூட்டையும் அசையவில்லை. தூக்க வேண்டிய ஆட்களெல்லாம் வள்ளத்தில் இருந்தார்கள். சங்கு இரண்டாம் தரம் ஊதியது, மூன்றாம் தரமும் ஊதியது. கடைசியில் விமலதாச திட்டப்படத்தை முழங்காலில் விரித்து, அடி விளிம்பில் பென்சிலால் சிங்களத்தில் ஒரு வரி எழுதினார்.

"மையில எழுதுங்க மாத்தையா."

"மை பொறகு. இப்ப எறங்குங்க."

அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கீழ் லயம், பன்னிரண்டு காம்பரா, வள்ளம் ஒன்று. கேட்டு முடித்து இறங்கி, முதல் அரிசி மூட்டையை அவளே தோளில் ஏற்றினாள்.

மாரி பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள், மழையால் பால் வெட்டு இல்லாத ஒரு காலையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பேச்சாயி நகரசபைக்குப் போனாள். திட்டப்படம் விறாந்தைச் சுவரில் தொங்கியது. கடைத்தெரு சிவப்பு, ஆறு நீலம். கீழ் லயம் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் மரங்களின் பச்சை. சுற்றிலும் புதுப் பலகையில் சட்டம் அடித்திருந்தார்கள். அதன் அடிப்பலகை சரியாகப் பென்சில் வரிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எழுத்துகளின் உச்சிச் சுழி மட்டும் வெளியே தெரிந்தது, தண்ணீருக்கு மேல் தெரியும் தலைகளைப் போல.

அவள் இடுப்பிலிருந்து பால்வெட்டுக் கத்தியை எடுத்தாள். மரத்துக்குக் காயம் படாமல், பட்டையை மட்டும் இலைக் கனத்துக்குச் சீவுகிற கை அது. அந்த அடிப்பலகையின் மேல் ஓரத்தைச் சீவத் தொடங்கினாள்.

பியோன் ஓடி வந்தான். "ஏய்! அது அரசாங்கச் சாமான்!"

"நாங்களுந்தான் தம்பி, தோட்டத்த எடுத்த போன வருசத்துலேர்ந்து" என்றாள், கை நிற்காமல்.

சீவல்கள் சுருண்டு சுருண்டு அவள் காலடியில் விழுந்தன. ஒரு எழுத்து பாதி வெளியே வந்தது. வெளியே, ஆற்றின் செந்தண்ணீர் பாலத்தின் முதல் படியைத் தொட்டது. வள்ளம் சங்கிலியில் பூட்டிக் கிடந்தது.

உங்கள் வீட்டு நடையை ஆறு எட்டிப் பாராதிருக்கட்டும் கண்ணுகளா. பார்த்தாலும், முதல் வள்ளம் உங்கள் வாசலுக்கே வரட்டும். உங்கள் பிள்ளைகளின் பேர் நல்ல மையில், எந்தப் பலகைக்கும் அடியில் போகாமல் நிலைக்கட்டும்.