கடிதத்துக்காகக் காத்திருந்த மூன்று வாரம்

டொக்டர் நிரஞ்சன் மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலேயிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தது காசுக்காகத்தான். அதை அவர் மறைத்ததில்லை. அந்த மலைக்குப் போகச் சம்மதிக்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்கு இரண்டு வருடம் விசேட கொடுப்பனவும், பிறகு கேட்ட இடத்துக்கு மாற்றமும் என்று சொல்லியிருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி அவர் வேலையேற்றிருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் போய் ஏமாந்த நண்பன் ஒருவன் இருந்ததால், கொடுப்பனவை உறுதிசெய்யும் கடிதம் கைக்கு வரும்வரை கொழும்பில், வெள்ளவத்தை வீட்டிலேயே இருந்துவிட்டார். மூன்று வாரமானது.

அவர் வந்த முதல் மாதத்திலேயே ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேயிலை மலையில் சறுக்கி விழுந்து மண்ணீரல் கிழிந்திருந்தது. பிழைத்துக்கொண்டாள். நிரஞ்சன் சத்திரசிகிச்சை முடித்து வெளியே வந்தபோது, நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் சிற்றூழியர் சோலைமலை சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"பொழைச்சிருவாளாங்கய்யா?"

"ஒரு பயமும் இல்ல."

"எங்க மக தனுஜாவும் இப்படித்தாங்க விழுந்தா. மார்ச் ஒம்பது. ஐயா ஒன்னாந் தேதியே வந்திருவீங்கன்னு ஆபரேஷன் தியேட்டரைக் கழுவி வச்சிருந்தோம். நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்கு ஏத்துனோம். தலவாக்கலை தாண்டல, வழியிலேயே போயிட்டா." பிறகு கேட்டார். "ஐயாவுக்கு அப்ப ஒடம்புக்கு முடியலையாங்க?"

"ஆமா. காய்ச்சல்" என்றார் நிரஞ்சன்.

அந்த ஒரு சொல் அவரை விடவில்லை. சோலைமலை தினமும் அக்கறையாகக் கேட்டார்: "காய்ச்சல் திரும்ப வரலையேங்கய்யா?" மே மாதத்திலிருந்து, மயங்கிக் கிடக்கும் நோயாளிக்கு அப்பால், தியேட்டர் கதவோரம், யாரோ முறைக்காகக் காத்து நிற்பதுபோல அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தால் வெறும் கதவு. ஈரத் தேயிலை வாசம் மட்டும் வரும். தாதி ஷிராணியிடம், "இந்த வாசம் உங்களுக்கும் வருதா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

ஒரு மழைக்காலப் பகலில் சோலைமலையை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சோலைமலை உட்காரவில்லை.

"எனக்குக் காய்ச்சல் இல்ல. கொடுப்பனவுக் கடிதம் வரட்டும்னு வீட்டுல இருந்தேன். அந்த ஒம்பதாந் தேதி நல்லாத்தான் இருந்தேன்."

சோலைமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காசு கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேங்க. சம்பளத்துக்காக நாங்களும் ரோட்டுல ஒக்காந்தவங்கதான்" என்றார். "ஆனா நீங்க காய்ச்சல்லே கெடந்தீங்கன்னு நெனச்சு அவ அம்மாளைத் தேத்தி வச்சிருந்தேன். இப்ப போய் என்னன்னு சொல்லுவேன்?"

மறுநாளே சோலைமலை தியேட்டர் வேலையை விட்டு வார்டு வேலைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருடம் முடிந்தது. கொடுப்பனவும் நின்றது. கொழும்புக்கு மாற்றம் தயாராக இருந்தும் நிரஞ்சன் போகவில்லை. மனைவி போனில் காரணம் கேட்டாள். தியேட்டர் கதவோரத்தில் நிற்பவளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவளிடம் சொல்ல முடியுமா?

தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போது சோலைமலை சுவரோரம் ஒதுங்கி நின்று தலையசைப்பார். நிரஞ்சனும் அசைப்பார். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.