மொட்டைமாடியில் காய்ந்த கம்ப்யூட்டர்

சாத்தூரில் பட்டாசுக் கடை வைத்திருந்த நாகூர் கனிக்கு ஊர் வைத்த பெயர் 'புளுகுக் கனி'. துபாயில் வேலை பார்த்தபோது, எண்பத்தைந்தில் லீவுக்கு வந்தபோது கையோடு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்டே திரிந்தார். யார் நம்புவார்கள்? பேங்கிலேயே அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. காட்டுங்கள் என்றால், பரணில் கிடக்கிறது என்று நழுவிவிடுவார்.

2002 சித்திரையில் அதே ஊர் லட்சுமிகாந்தம் என்பவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் திறந்து, 'சாத்தூருக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர்' என்று தனக்குத்தானே பேனரும் கட்டிக்கொண்டார். கனிக்குப் பொறுக்கவில்லை. நேரே போய், "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வாங்க, காட்டுதேன். காட்டலைன்னா சாகுற வரைக்கும் புளுகுக் கனின்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நுணலும் தன் வாயால்தானே கெடும்.

பரணிலிருந்து பெட்டி இறங்கியது. விசைப்பலகைதான் கம்ப்யூட்டரே. திரைக்கு வீட்டு டிவி. விளையாட்டெல்லாம் பாட்டுக் கேசட் மாதிரியான கேசட்டில். இத்தனை வருடமாகக் கிடந்ததில் தொட்டால் பிசுபிசுத்தது. நமத்துப்போன சரவெடிக்குக் கனி அறிந்த வைத்தியம் ஒன்றுதான். மொட்டைமாடியில் சாக்கை விரித்து, பெட்டியையும் கேசட்டுகளையும் வெயிலில் காயப்போட்டார்.

சாயங்காலம் பார்த்தால் கேசட்டுகள் அப்பளமாக வளைந்து கிடந்தன. பெட்டி மட்டும் தப்பியது, அவர் மனைவி பைரோஜா அதை நிழலுக்கு நகர்த்தியிருந்தாள்.

"புஸ்வாணத்தைப் போடுற மாதிரியா இதைப் போடுவீக?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லட்சுமிகாந்தம் தெருவையே கூட்டி வந்துவிட்டார். கனி வயரை டிவியில் சொருகி சுவிட்சைப் போட்டார். திரை நீலமாகி, மூலையில் ஒரு சின்னச் சதுரம் மின்னியது. ஒரு விசையைத் தட்டினார், ஓர் எழுத்து வந்தது. கேசட் போட்டு விளையாடுவதைத் தவிர அந்த மனிதருக்கு வேறெதுவும் தெரியாது.

"இது டைப்ரைட்டர்லா பாய்" என்றார் லட்சுமிகாந்தம். "கம்ப்யூட்டர்னா சொன்னதைச் செய்யணும்."

கூட்டம் சிரித்தது. அவமானத்தில் கனிக்குக் காது சுட்டது. இனி கடையில் எந்த முகத்தோடு உட்காருவது?

அடுப்படியிலிருந்து வந்த பைரோஜா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "செத்த தள்ளுங்க" என்று பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். இரண்டே வரி தட்டினாள். "இப்பப் பாருங்கண்ணே, சொன்னதைச் செய்யும்."

ஆங்கில எழுத்தில் தமிழ், வரிவரியாகத் திரை முழுக்க ஓடியது. லட்சுமிகாந்தம் எழுத்துக் கூட்டிப் படித்தார்: "மச்சான் எப்ப வருவீக... மச்சான் எப்ப வருவீக... மச்சான்..."

முடிகிற வழியாக இல்லை.

"இவுக துபாய்க்குத் திரும்பிப் போன பெறகு, பெட்டியோட வந்த புத்தகத்தைப் பார்த்துப் படிச்சேன்" என்றாள் பைரோஜா. "வேற என்னத்தை எழுத?"

லட்சுமிகாந்தம் கும்பிட்டுவிட்டார். "பேனரைக் கழட்டிருதேன் பாய். ஆனா புதுசாக் கட்டுற பேனர்ல உங்க பேரு வராது, தங்கச்சி பேருதான்."

ஜெயித்தும் கனியால் நிமிர முடியவில்லை. அந்த லீவுக்கு அப்புறமும் ஒன்பது வருடம் துபாயில் இருந்தவர் அவர். தெருவே படிக்கிறதே என்று வெட்கம் வேறு.

"போதும் பைரோஜா, நிப்பாட்டு."

"அது எப்படின்னு எனக்கு அப்பவும் தெரியலைங்க" என்றாள்.